காய்ச்சி ஆறிய தண்ணீர்

மரக்காணம்
3.2.2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

மருமகளே, நீ சென்னைக்குச் சமையல் வேலைக்குப் போய் இருபது நாள். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு, போனில் உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதைவிட எழுதுவது மேல். நீ காட்டியபடி வயிற்றுக் குழாயில் கஞ்சி விடுகிறேன். முன்னும் பின்னும் தண்ணீர் விடுகிறேன். எட்டு நாளைக்கு வரும் கஞ்சி மாவு டின்னைப் பத்து நாள் ஓட்டுகிறேன். குழாயைச் சுற்றித் தோல் கொஞ்சம் சிவந்திருக்கிறது. பயப்படாதே.

சகாயநாதன்

சென்னை
8.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாவில் மிச்சம் பிடித்து யாருக்குச் சொத்து சேர்க்கிறீர்கள்? அந்த டின்னுக்காகத்தானே இங்கே கரண்டி பிடிக்கிறேன். மே மாதம் குழாய் மாற்ற வீட்டம்மாவிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். இப்போது லீவு கேட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார். சிவந்தால் உப்புத் தண்ணீரில் துடைக்கச் சொன்னார் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு வேளையும் துடையுங்கள்.

கிறிஸ்டி

மரக்காணம்
19.2.2025

கிறிஸ்டி,

துடைத்தேன். சட்டை பட்டாலே உயிர் போனது. ஆறு நாள் பொறுத்தேன். உப்பளத்தில் என்னோடு வேலை பார்த்த பிரபு பார்த்துவிட்டு, "ஏம்பா, வயித்துல கருவாடு போடறியா?" என்று பைக்கில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். என்ன தண்ணீரில் துடைத்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். ஒரு சொம்புக்கு ஒரு கை அளத்து உப்பு என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் சொன்னது மருந்துக்கடையில விக்கிற பாட்டில் தண்ணிங்க. உப்பு வெளையிற ஊருக்கு வெளக்கமா சொல்லியிருக்கணும். காய்ச்சி ஆறின தண்ணியே போதும்."

என் கையாலேயே மூன்று தடவை செய்ய வைத்துத்தான் அனுப்பினார். புண் ஆறுகிறது. உன் மேல் தப்பில்லை.

சகாயநாதன்

சென்னை
25.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதியது நான்தானே. நர்ஸ் சொன்ன அன்றைக்கே எந்த உப்பு என்று அவரிடம் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் சென்னை பஸ் ஏறியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வருடம் வேளை தவறாமல் கஞ்சி கரைத்த கை இது. அந்த நிம்மதிதான் உங்களைப் புண்ணாக்கியது என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உங்கள் பதில் கண்டதும் வீட்டம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

கிறிஸ்டி

மரக்காணம்
3.3.2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

சொல்லாதே. அன்றைக்கு பஸ் நகரும் முன்பே நீ கண்ணை மூடிவிட்டாய். கீழே நின்று பார்த்தேன். கோபம் வரவில்லை. எனக்கும் அப்படி ஒரு பஸ் இருந்தால் ஏறியிருப்பேன்.

தோல் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு வேளையும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது தெரிந்து செய்கிறேன்.

குழாய்க்காக வராதே. என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ.

சகாயநாதன்