லேபிள் கிழிந்த பீப்பாய்

வியோரிகாவுக்கு,

இத்தாலியிலிருந்து நீ அனுப்பிய பார்சலை வேன்காரன் ஞாயிறன்று கொடுத்துவிட்டுப் போனான். காப்பித்தூள் நன்றாக இருக்கிறது. இங்கே மழை.

போன மாதம் எங்கள் ரசாயனக் கிடங்குக்கு லேபிள் கிழிந்த பீப்பாய் ஒன்று வந்தது. அப்படி வந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துப் பிரித்து வைப்பதுதான் எங்கள் வழக்கம், உனக்கே தெரியும். மேஸ்திரி காவ்ரிலா என்னைக் கூப்பிட்டார்.

"பிளம் சாராயத்த மோந்தே எந்த வீட்டுச் சரக்குன்னு சொல்றவனாச்சே. இது என்னன்னு சொல்லுய்யா, பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. இருமல் நின்றுவிட்டது, கவலைப்படாதே. பீப்பாயில் என்ன இருந்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. காவ்ரிலா ஆரஞ்சு வாங்கி வந்தார், உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று அடுப்பில் பால் தீய்ந்துபோனது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரி தீய்ந்த வாடை பிடித்து வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

எப்போதும் நான் கேட்கிறபடியே, நீ கட்டியிருந்த கழுத்துத்துணியைத் துவைக்காமல் பார்சலில் வைத்திருந்தாய். அதை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை துவைத்தே அனுப்பு.

உன் வீட்டுக்காரன்