கண்ணுக்குப் பூச முடியாத மஞ்சள்

மட்டாஞ்சேரி,
11.2.1985

தங்கையாவுக்கு உன் அக்கா புருஷன் பாலையா எழுதுவது.

நலம் விசாரிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்க நான் எர்ணாகுளம் போன நேரம் பார்த்து, வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டியைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நலமாகத்தான் இருப்பான்.

உன் கடிதம் வந்தது. மீதி மாத்திரையைக் கிணற்றில் போட்டாயாம். வைத்தியர் கீழாநெல்லி கொடுக்கிறாராம். காமாலை இறங்கினால் எல்லா நோயும் தீர்ந்ததாம், இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடமாட்டாயாம். மாத்திரையை எறிந்ததற்கு உன்னோடு சண்டையில்லை. நிறுத்தச் சொன்னதே டாக்டரம்மாதான். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் மட்டும் சொல்லிவிடு.

டாக்டரம்மா சொன்னதை உன் மண்டையில் ஏறுகிற மாதிரி எழுதுகிறேன். மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். பெண் உடம்பில் ஊறுகிற ஒரு சுரப்புதான் அந்தக் கட்டிக்குத் தீனி. டமாக்சிஃபன் மாத்திரை அந்தத் தீனி போகிற வழியை அடைக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அது ஈரலைக் கெடுக்கும். உன் அக்கா அங்கம்மாளுக்கு அப்படி ஆகியிருக்கலாம். இல்லை, நோயே ஈரலுக்குப் போயிருக்கலாம். இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான். மறுபடி ரத்தம் எடுத்து, ஈரலை ஸ்கேன் செய்தால்தான் எது என்று தெரியும். மாத்திரைதான் காரணம் என்றால் ஈரல் தேறிவிடும், வேறு மருந்துக்கும் வழி இருக்கிறது. மற்றது என்றால், உன் வைத்தியர் அரைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு நாளும் அவள் நாளிலிருந்து போகிறது.

மாத்திரையை நிறுத்தினதும் அவளுக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. நீ தீரும் என்றதும் கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"மஞ்சள் விக்கிற பயலுக்குப் பொண்டாட்டி மஞ்சளாப் போனது தெரியலியோ?" என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருக்கிறாய். கடிதம் முழுக்க உளறினாலும் இந்த ஒரு வரியில் உனக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது.

சாயம் ஏற்றிய விரலி மஞ்சளை ஒடிக்காமலே கண்டுபிடிப்பேன், பஜாரில் கேட்டுப் பார். வீட்டில் தெரியவில்லை. இந்தத் தெருவில் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவள் அவள் ஒருத்திதான். தை பிறந்ததிலிருந்து அப்பி அப்பிப் பூசினாள். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். என் சட்டையோடு வந்த குடோன் தூசி என்றேன். மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம், "அந்த மாத்திரைதான் என்னய நடமாட வச்சிருக்கு, வாயத் தொறந்துராத" என்று கெஞ்சினாளாம்.

கண்ணுக்குப் பூச முடியாதே. டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நிங்ஙள் இவருடெ கண்ணு நோக்காறில்லே?" என்றார். கண்ணைப் பார்ப்பதே இல்லையா என்று.

இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவளை நேரே பார்ப்பதை விட்டுவிட்டேன். அவள் கூச்சப்படுவாள் என்பதற்காக என்று உன்னிடம் சொல்லலாம். நீ நம்பவும் செய்வாய்.

வருகிற திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கொல்லத்திலிருந்து வருகிற வண்டியில் அவளைக் கூட்டி வா. நானே அங்கே வந்தால் உன் சட்டையைப் பிடிப்பேன், தெரு கூடும், அவள் அழுவாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் இங்கேயே நாலு நாள் தங்கு. உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே என்னைத் திட்டு. பதில் பேச மாட்டேன்.

அந்த மாத்திரை இல்லாவிட்டால் வேறொன்று இருக்கிறது என்று அவளிடம் சொல். மஞ்சள் பூச வேண்டாம், முகத்தைக் கழுவிவிட்டு வண்டியை விட்டு இறங்கச் சொல், தம்பி. ஸ்டேஷனில் நிற்பேன்.

நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலையா