பத்தாவது சத்தத்துக்கு ஒரு துவக்கு

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டுக்கு வாங்கிய முதல் பொருள், குறி பார்த்துச் சுடும் ஒரு காற்றுத் துவக்கு. நானும் அம்மாவும் சேர்ந்துதான் வாங்கினோம். அம்மா கடைக்கு வந்தார் என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும். தோட்டத்துப் பக்கம். டொக். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, டொக். ஒன்பது தடவை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உங்கள் துவக்கு அப்போது வீட்டில் இல்லை. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

முதுகு போய், எம்மன்புரூக்கே இரும்பாலை வேலையில் இருந்து நீங்கள் நின்ற வருடம் அதை வாங்கி வந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் வைத்தீர்கள். அம்மா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்கிக்கொண்டு வாறார்."

"இது வெறுங் காத்து. உள்ளுக்கை ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஏழரை ஜூலுக்குக் கீழை எண்டால் சட்டத்தில இது ஆயுதமே இல்லையாம்."

"ஏழரையோ? நல்ல நம்பராப் பாத்துத்தான் பிடிச்சிருக்கிறியள்."

அண்ணாவுக்குப் புரைக்கேறியது. நீங்களும் சிரித்தீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் ஆயுதம் வாங்க முடியாது. முப்பது வருடம் இரும்பு உருக்கியவருக்கும் அதே சட்டம்தான். ஏழரைக்குக் கீழே கிடந்த சின்ன இடத்தில் நீங்கள் கதிரையைப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்குவார். மதியம் வந்து, இரண்டு மணிக்குப் படுப்பார். அவரை எழுப்பாத துவக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தப் பழையதை எடுத்தீர்கள். பெயர் தேய்ந்து போனது, பாரமான மரம், களைத்த ஸ்பிரிங். அதைக் கழற்றி, அதிராமல் இருக்கக் கிறீஸ் பூசினீர்கள். குண்டு படும் இரும்புப் பெட்டிக்குள் களிமண் அப்பி, பின்னால் பழைய கம்பளியை மடித்து வைத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி நீங்கள் ஏதோ தச்சு வேலை செய்கிறீர்கள் என்று நினைத்திருந்தார். உங்கள் சாவீட்டில்தான் அதைச் சொன்னார்.

ஒரு நாளைக்குப் பத்து. அதற்கு மேல் இல்லை.

ஆனால் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது, அப்பா. அத்தனை வருடமும் நித்திரைக்குள் கேட்டிருக்கிறது. பத்தாவது விழுந்ததும் எழும்பிக் கேத்திலைப் போடுவாராம். அவருக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. இதை நீங்கள் அறிந்திருந்தீர்களா?

நீங்கள் போன அன்று நடந்ததை அம்மா எனக்கு ஒரு தடவைதான் சொன்னார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்பது கேட்டது பிள்ளை. பத்துக்கு எழும்புவம் எண்டு கிடந்தன். ஆள் வடிவாக் குறி பாக்கிறாராக்கும் எண்டு நினைச்சன். நாலு மணி வரைக்கும் கிடந்தன்."

மாரடைப்பு, ஒரு நொடியில் முடிந்திருக்கும், யார் ஓடி வந்திருந்தாலும் பயனில்லை என்று டொக்டர் சொன்னார். அம்மா ஜெர்மனில் "யா, யா" என்று தலையாட்டினார். நான்கு மணி என்பதை மட்டும் அவர் விடவில்லை.

துவக்கு உங்கள் மடியில் இருந்தது. குழல் மூடியிருந்தது.

அடுத்த வாரம் நான் அதைத் துவாயில் சுற்றிப் போலீசுக்குக் கொண்டு போனேன். அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் நகரசபையில் கிடந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள வீடு, உள்ளே ஒரு துவக்கு. நீங்கள் சொன்ன ஏழரைக் கதை நினைவில் இருந்தது. ஆனால் கையில் கடதாசி ஒன்றும் இல்லை. கடதாசி இல்லாத உண்மையை நம்ப எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. பல்கலைக்கழகம் போனவளுக்கும் வரவில்லை.

அழித்துவிடச் சொல்லி ஒப்பமிட்டேன். அதற்குப் பிறகுதான் அங்கிருந்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் ஏற்றியிருக்கிறது, உள்ளே குண்டும் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பின் அறைக்குக் கொண்டு போனார்.

டொக்.

திரும்பி வந்து, இதை நீங்கள் கொண்டு வந்திருக்கவே தேவையில்லை, இது ஆயுதம் இல்லையே என்றார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மாவிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அம்மாவுக்குக் கேட்கத் தொடங்கியது. இரண்டு மணிக்குப் படுப்பார். ஒன்பது வரை எண்ணுவார். பிறகு பத்தாவதுக்காகக் கிடப்பார். இருட்டும் வரை. தேத்தண்ணி இல்லை, சாப்பாடு இல்லை. வேலையில் மாத முடிவு வரை விடுப்புக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் எழும்பிப் போகாவிட்டால் வேறு ஆளை எடுப்பார்கள்.

அண்ணா சூரிச்சில் இருந்து தொலைபேசி எடுத்தான்.

"அம்மாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வா. டொக்டரிட்டைக் காட்டுவம்."

"அவ வரமாட்டா."

"ஏனாம்?"

"அப்பா சுட்டு முடிக்கட்டுமாம்."

அவன் பக்கத்தில் டிராம் ஒன்று வளைவில் திரும்பியது.

"உனக்கும் கேக்குதோ?"

"இல்லை."

"அப்ப நீயாவது தெளிவாயிரு. ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சால் என்னாலை ஏலாது."

நான் தெளிவாகத்தான் இருந்தேன். பத்தாவது கேட்டால் அம்மா எழும்புவார். பத்தாவதைச் சுட ஒரு துவக்கு வேண்டும். உங்களுடையதை அழித்தாயிற்று, அதன் பெயரும் தெரியாது. துவக்கு வாங்குகிறவர்கள் அதன் சத்தத்தைப் பிறகுதான் கேட்பார்கள். நான் சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு துவக்கைத் தேடினேன்.

பாடன் நகரில் பழையவையும் விற்கிற ஒரு துவக்குக் கடை இருந்தது. கடைக்காரி ஐம்பது வயதுப் பெண், கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோட்டத்தில் குறியட்டைக்குச் சுட, சத்தம் குறைந்தது வேண்டும் என்றேன். யாருக்குக் குறைய வேண்டும் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஸ்பிரிங் துவக்கில் சுடுகிறவருக்குக் கேட்பது வேறு, மற்றவருக்குக் கேட்பது வேறு என்றார். பிஸ்டன் அடிப்பது மரம் வழியாகக் கன்னத்து எலும்புக்குள் போகிறது. அது சுடுகிறவருக்கு மட்டும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு தட்டல்தான், அதிலும் பாதி குண்டு படுகிற இடத்தின் சத்தம்.

சுவருக்குப் பின்னால் படுத்திருப்பவருக்கு, என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சுடும் இடம் நிலக்கீழ் அறையில் இருந்தது. அம்மாவை மேலே, மழைச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு கதிரையில் இருத்திவிட்டு இறங்கினேன். ஒவ்வொன்றாகச் சுட்டுவிட்டு மேலே ஏறி வந்து கேட்டேன்.

முதலாவது, பிளாஸ்டிக் உடம்பு. உள்ளே வெறுமை.

"தகரம்," என்றார் அம்மா.

இரண்டாவது கொஞ்சம் வேகமானது.

"ஆரோ கோவிச்சுக்கொண்டு கதவைச் சாத்தினமாதிரிக் கிடக்கு."

மூன்றாவதுதான் கடையிலேயே அமைதியானது. கடைக்காரி அதைக் குழந்தையைத் தருவது போல் தந்தார்.

"சுட்டனியோ?" என்றார் அம்மா.

"சுட்டாச்சு."

"எனக்கொண்டும் கேக்கேல்லை. இது ஆருக்கு? களவெடுக்கப் போறவைக்கோ?"

மொழிபெயர்த்தேன். கடைக்காரிக்கு மகிழ்ச்சி. இதுதானே நீங்கள் கேட்டது என்றார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று ஜெர்மனில் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

நான்காவது மூலையில் சாய்ந்திருந்தது. பழையது, பாரமான பீச் மரம். ஸ்பிரிங் களைத்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். முதலில் உடம்போடு இறுக்கிப் பிடித்தேன். அப்படிப் பிடிக்கக் கூடாது, அது உதைக்க இடம் வேண்டும், உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும் என்று கையைத் தளர்த்திவிட்டார். சுட்டேன்.

மேலே வந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தார். கைப்பை தோளில் இருந்தது.

"நான் எழும்பேல்லைப் பிள்ளை," என்றார். "கால் தானா எழும்பீற்றுது."

திரும்பும் ரயிலில் துவக்கு நீளப் பெட்டிக்குள், எங்கள் இருவர் மடியிலும் குறுக்காகக் கிடந்தது. சூரிச்சுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா வாய் திறந்தார்.

"பத்தாவதை நீ சுடப்போறாய், என்ன?"

"ஓம்."

"அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனி எண்டு எனக்குத் தெரியும். கொப்பரும் இப்பிடித்தான், எனக்கொண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு செய்வார்."

நான் பெட்டியை மடியில் நேராக்கினேன்.

"நான் படுத்திருப்பன். சுடேக்கை சொல்லாதை. சொன்னியெண்டால் அது நீ சுட்டதாப் போயிடும்."

மறுநாள் இரண்டரைக்குச் சற்று முன் உங்கள் கதிரையில் உட்கார்ந்தேன். உங்கள் இரும்புப் பெட்டியில் புதுக் குறியட்டை ஒன்றைச் செருகியிருந்தேன். குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றி, குண்டை வைத்து, மூடினேன். எனக்கு எதுவும் கேட்காது என்பதால் மணிக்கூட்டைப் பார்த்துச் சுடுவதாகத் திட்டம். மூன்று மணிக்கு. கன்னத்தை மரத்தில் வைத்துக் குறி எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன்.

டொக்.

காதில் இல்லை. எலும்பில்.

தலையைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுக் கொடியில் போர்வைகள். லுசேர்ன் ரயில் போனது. வேறு ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் நான் ஏற்றியபடியே இருந்தது, தொட்டுப் பார்த்தேன். மறுபடி கன்னத்தை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. அவசரமில்லாமல் மூன்றாவது. மரம் குளிராகத்தான் இருந்தது. எண்ணினேன், அப்பா. உள்ளே படுக்கையில் அம்மாவும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

ஒன்பது.

அதற்குப் பிறகு நான் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மாவை அப்போதுதான் விளங்கியது. அந்த இடைவெளி துன்பமாக இல்லை. பத்தாவது வராத வரை நீங்கள் குறி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி. அதற்குள் யாரும் நான்கு மணி வரை கிடக்கலாம். இருட்டும் வரை கிடக்கலாம். எனக்கு எழும்ப மனமில்லை. அது என்னைப் பயமுறுத்தியது.

விசையை இழுத்தேன்.

உள்ளே போனபோது கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கொண்டையை முடிந்துகொண்டு நின்றார்.

"இண்டைக்கு வெள்ளன முடிச்சிட்டார்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்தார், சூடு ஆறவும் விடாமல்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இப்போது போகிறார், வருகிறார், படுக்கிறார். எழும்புவதற்குத் தொலைபேசியில் அலாரம் வைத்திருக்கிறார். ஒன்றும் கேட்பதில்லையாம். "கொஞ்ச நாளிலை சரிவரும் எண்டு நான் சொன்னன்தானே," என்கிறான் அண்ணா. சொல்லட்டும்.

அட்டையை நான் இன்னும் பெட்டியில் இருந்து எடுக்கவில்லை. அதில் ஒரு துளைதான் இருக்க வேண்டும். மழை பெய்தது, ஊறிப் போயிருக்கும். நான் போய் எண்ணப் போவதில்லை.

ஆனால் ஒரு கணக்கு எனக்குச் சரிவரவில்லை. உங்கள் பத்தாவது போலீஸ் அறையில் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு பெட்டிக்குள் அதைச் சுட்டார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்படியென்றால் அம்மாவுக்காக நான் சுட்டது எது? இன்னும் ஒன்பதோடு ஏன் நிற்கிறீர்கள்?

நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் படிக்கச் சூரிச்சுக்குத் திரும்பிவிட்டேன். நூலகத்தில் பிற்பகலில் களைத்து மேசையில் கன்னத்தை வைக்கிறேன். முதல் நாள் மேல் மாடியில் யாரோ மேசை லாச்சியை இழுத்து மூடுகிறார்கள் என்று நினைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டரை. பக்கத்தில் இருந்தவள் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒன்பது வரை இருந்தேன். பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல மாட்டேன். அவர் தூங்கட்டும். போலீஸ் அறையில் கேட்டதை மட்டும் இந்தச் சனிக்கிழமை போய்ச் சொல்லிவிடுவேன், அது அவருக்குச் சேர வேண்டியது.

உங்களுக்கு நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான். பத்தாவதுக்காக இனிக் கிடக்க மாட்டேன், அப்பா. ஒன்பதாவது விழுந்ததும் உங்களைப் பார்க்க எழும்பி வெளியே வருவேன். எங்கே இருந்தாலும் வருவேன். நீங்கள் கதிரையிலேயே இருங்கள்.

உங்கள் மகள்