நாள்பட்ட பைருவேட்

கென்ட், 4 மார்ச் 1996

அன்புள்ள கோடெலீவ்,

ஞாயிற்றுக்கிழமை முயல் கறிக்கு நன்றி. சாப்பாட்டு மேசையில் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

1969இல் ஆல்பிரெக்டும் நானும் எழுதிய கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். நாம் உண்ணும் சர்க்கரை உடைந்து பைருவேட் ஆகிறது. அது செல்லுக்குள் எரிந்து சக்தி தருகிறது. அளவு மிஞ்சினால் பைருவேட்டே அந்த எரிப்பைத் தடுத்துவிடும் என்று எழுதினோம். ஸ்வீடனில் சோல்வெய்க் என்ற ஆய்வு மாணவி அதைச் செய்து பார்த்தாள். தடுக்கவில்லை. நானும் செய்தேன். அன்றே தயாரித்த கரைசல் தடுக்கவில்லை. நான்கு நாள் வைத்திருந்தது தடுத்தது. வைத்திருந்தால் பைருவேட் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வேறு பொருளாகிவிடுகிறது. தடுப்பது அதுதான்.

"தினமும் புதிதாகத் தயாரித்த கரைசல்" என்று ஆல்பிரெக்ட் எழுதியிருக்கிறார். எங்கள் ஆய்வகத்தில் அதைத் தயாரித்தது நீங்கள். புதிதுதானா? இல்லையென்றால் திருத்தம் வெளியிட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினார் என்று அவரைப் பேசுவார்கள். அதுதான் என் பயம்.

அன்புடன்,
யோரிஸ்

ஆல்ஸ்ட், 7 மார்ச் 1996

அன்புள்ள யோரிஸ்,

என் கணவர் ஆல்பிரெக்டை அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. அவர் எதையும் மூன்று முறை அளக்காமல் எழுதியதில்லை. இரண்டாவது முறைக்கே சோம்பல்படுகிறவன் நீதான். ஸ்வீடன்காரி கையைக் கழுவிவிட்டு மறுபடி செய்யட்டும்.

அடுத்த ஞாயிறு கடை கேக் வாங்கி வராதே. போன முறை வாங்கி வந்தது நாய்க்குத்தான் போயிற்று.

கோடெலீவ் வான்டாமெ

கென்ட், 12 மார்ச் 1996

அன்புள்ள கோடெலீவ்,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் மூன்று வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் கட்டுரையைக் காட்டியே அவளுடைய முடிவுகளை ஏற்க மறுக்கிறார்கள். ஏப்ரலில் நான் திருத்தத்தை எழுதியே ஆக வேண்டும். "கரைசல் பழையதாக இருந்திருக்கலாம், ஆய்வகத்தில் யாரோ கவனிக்கவில்லை" என்று பொதுவாகப் போட்டுவிடட்டுமா? யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

யோரிஸ்

ஆல்ஸ்ட், 19 மார்ச் 1996

அன்புள்ள யோரிஸ்,

"யாரோ" என்று எழுதாதே. அங்கே இருந்ததே மூன்று பேர். "யாரோ" என்றால் இறந்துபோனவரைத்தான் நினைப்பார்கள்.

அந்த வசந்தத்தில் லீசா என் வயிற்றில் இருந்தாள். கரைசலுக்கான பைருவிக் அமிலத்தைக் காய்ச்சி வடிக்கும்போது வரும் காடி நெடி குமட்டியது. திங்களன்று ஒரு முறை வடித்துக் கரைசலைப் போட்டு, வாரம் முழுவதும் அதையே ஊற்றினேன். நாலு நாளில் கெட்டுப்போக இது என்ன பாலா என்று நினைத்தேன். குப்பியில் தேதி எழுதவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் கேட்டார்: "கோடெலீவ், இது இன்னைக்குப் போட்டதுதானே?"

"பின்ன, உங்க அம்மா கல்யாணத்துக்கா போட்டேன்?" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இவகிட்ட வாயக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அவரும் சிரித்துவிட்டு எழுதப் போனார். பொய் சொல்லக் கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். பதில் சொல்லாமல் தப்பிப்பதை நானாகக் கற்றேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியது அநியாயம். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

கட்டுரையில் உங்கள் இருவர் பெயரும் இருந்தது. குப்பி கழுவுகிறவர்கள் பெயரை யாரும் போடுவதில்லை என்று நீ அப்போது சொன்னாய். இப்போது போடு. இப்படி: "கரைசலைத் தயாரித்தவர் கோடெலீவ் பாவெல்ஸ். அது நான்கு நாள் வரை பழையது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை." பாவெல்ஸ் என் அப்பா வீட்டுப் பெயர். வான்டாமெ என்ற அவர் பெயர் அந்த வரிக்குள் வரக் கூடாது.

அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு. நான் பார்க்காமல் ஓர் எழுத்தும் போகக் கூடாது.

கோடெலீவ் பாவெல்ஸ்