படம் நின்ற பிறகு போகிறேன் என்றாயாமே

என் உயிர் அண்ணா மூர்த்திக்கு,

அழுது முடித்துவிட்டேன். இனி திட்டத்தான் போகிறேன், கேள்.

ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளி சுரேன் அண்ணன் சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளானுக்கு, நம் வீட்டுக்கு வந்தார். உன் மேசையில் நீ விட்டுப்போனபடியே அந்தச் சின்ன சர்க்யூட் போர்டும், பிரிக்பீல்ட்ஸில் யாரோ தூக்கிப் போட இருந்த பெட்டி டிவியும். நீ போனதிலிருந்து நாங்கள் தொடவே இல்லை.

"ஒரு தரம் ஓட விட்டுப் பாக்கவா, மாலா?" என்றார்.

கறுப்புத் திரையில் நீ செய்த கேமின் வெள்ளைச் சாலை ஓடியது. குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று. அது ஒதுங்கிப் போக வேண்டிய லோரிகள். "படம் போடத் தனி சிப் கிடையாது. இந்த மைக்ரோகண்ட்ரோலரே ஒவ்வொரு கோடா டிவிக்கு அனுப்பணும். ஒரு கோடு லேட்டானா படமே கிழிஞ்சிடும்" என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களை அறுப்பாயே, அந்தக் கிழிசல் இல்லை. படம் ஆடவும் இல்லை. அழகாக இருந்தது.

சுரேன் அண்ணன் அழுதுவிட்டார். "அவனுக்கு நெஞ்சு வலி இருந்துச்சு மாலா. கிளினிக்ல உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. இந்தப் படம் ஆடாம நிக்கட்டும், அப்புறம் போறேன் லா, அப்படின்னான். வீட்டுல சொல்லாதேன்னான்."

அடப்பாவி! ஊரானுக்குத் தெரியும், கூடப் பிறந்தவளுக்குத் தெரியக் கூடாதா?

நீ தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்த அந்த ராத்திரியைப் பற்றி அம்மா தினமும் என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தே, ஒரு சத்தம்கூடவா கேக்கலே?" நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேன்.

சுரேன் அண்ணனை அம்மா இருந்த அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கண்ணே."

சொன்னார். அம்மா அவரைத் திட்டவில்லை. உன் அறைக்குப் போய் டிவி முன்னால் நின்றாள். "இதுக்காடா?" என்றாள். உன்னைத்தான் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னடி பண்ணுவே, பாவம்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பதில் சொல் அண்ணா. டிவியைக் காக்கவைக்கக் கூடாது என்று தெரிந்தவன், உன் நெஞ்சை மட்டும் எப்படிக் காக்கவைத்தாய்? சொன்னால் போர்டைப் பிடுங்கிவிடுவேன் என்று பயமா? ஆமாம், பிடுங்கித்தான் இருப்பேன்.

போர்டைச் சுரேன் அண்ணனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். உடைக்கவும் மனசு வரவில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"கஷ்டப்படாம போய்ட்டான், கொடுத்து வச்சவன்" என்று இனி யார் வந்து சொன்னாலும் தலையாட்ட மாட்டேன். வலி இருந்தது, மறைத்துவிட்டான் என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன். உன் பேரைக் காப்பாற்றுவதற்காக, கவனிக்காமல் விட்டாள் என்ற பழி அம்மாமேல் விழ விடமாட்டேன். என்மேலும்தான். இது சத்தியம்.

கோபம் தீராத,
உன் தங்கச்சி மாலா