அஞ்சாவது ஆள்

அண்ணா,

இரண்டு நாளாக எனக்குக் காய்ச்சல். காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி வைத்தேன். கொதி வந்ததும் வீடு முழுக்க உங்கள் சட்டை வாசனை. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வறுக்கும் தட்டின் முன்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு வருவீர்களே, துவைத்தாலும் போகாத அந்த மாவு வாசனை. கரண்டியை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் இந்த வீட்டில் ஆள் இல்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல். பஞ்சாயத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஆள் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். “ஊட்ல எத்தன பேருங்கம்மா?” என்றாள். சாதாரணக் கேள்விதான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். இந்தக் கேள்வியால்தானே நான் உங்களோடு பல நாள் பேசாமல் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. கட்டிக்கொண்டவர் லாரி விபத்தில் போய்ச் சேர, நான் உங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தேன். நீங்கள், அண்ணி, இரண்டு பிள்ளைகள், நான். நாமகிரிப்பேட்டை சாலையில் இந்த ஒற்றை அறை ஓட்டு வீட்டில் எல்லோரும் படுத்தால் புரண்டு படுக்க இடம் இருக்காது. அண்ணி ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் சோற்றுப் பானையின் அடியில் அகப்பை உரசும் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா, இல்லை இரக்கத்தில்தான் ஓடுகிறதா? அப்போது எனக்கிருந்த ஒரே கேள்வி அதுதான். அதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் சேகோ மில் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழு சேலத்தில் உட்கார்ந்து முதலாளிகளையும் தொழிலாளிகளையும் கூப்பிட்டு விசாரித்தது. நம் பக்கத்து மில் தொழிலாளிகளுக்காகப் பேச உங்களை அனுப்பினார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் வெள்ளைச் சட்டையை அண்ணி தேய்த்துக் கொடுத்தாள். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

அங்கே நடந்ததை நீங்கள் வாய் திறந்து சொல்லவில்லை. உங்களோடு போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் மறுநாள் குழாயடியில் சொல்லிச் சிரித்தார். கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு அதிகாரி விளக்கினாராம். ஒரு தொழிலாளி, அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். இதுதான் குடும்பம். அவர்களுக்கு வேண்டிய சோறு, துணி, விறகு, வாடகை. அதிலும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வயிறு சிறியது என்று நாலு பேரை மூன்று பேராகச் சுருக்கித்தான் கணக்கு. எல்லோரும் தலையாட்டினார்களாம். நீங்கள் மட்டும் எழுந்து நின்றீர்களாம்.

“எங்க ஊட்டுல அஞ்சாவது ஒரு ஆள் இருக்குதுங்க. அதுவும் சாப்புடுதுங்க.”

“யாருப்பா அது?” என்றாராம் அதிகாரி.

“எந்தங்கச்சிங்க.”

“கட்டிக் குடுக்க வேண்டியதுதானே?”

“கட்டிக் குடுத்தனுங்க. திரும்பி வந்துருச்சுங்க.”

கூடமே சிரித்ததாம். முதலாளிகள் பக்கமிருந்து ஒருவர், “நல்ல மாப்பளயா நாங்களே பாத்துக் குடுக்கறமுங்க, கூலிய மட்டும் ஏத்தாதீங்க” என்றாராம். சிரிப்பு அடங்கியதும், “அதெல்லாம் கணக்குல வராதுப்பா, உக்காரு” என்று அதிகாரி முடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அஞ்சாவது ஆள்.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். நான் பாரம் என்று நாலு பேர் முன்னால் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அடுத்த வாரமே உங்களிடம் கேட்காமல் உங்கள் மில்லிலேயே கிழங்கு உரிக்கப் போய் உட்கார்ந்தேன். மரவள்ளிக் கிழங்கின் மண்ணும் பாலும் நகக்கண்ணில் ஏறி விரல் வீங்கியது. நீங்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், ஜவ்வரிசி காயும் களத்தோரம் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி வந்தீர்கள்.

“ஏனுங்கண்ணா, சபைல கொண்டுபோயி என்னைய இழுக்கோணுமா?” என்று கேட்டேவிட்டேன்.

நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

“நான் இழுக்கல சாமி. உன்னைய உட்டுப்போட்டு எண்ணுனாங்க. எனக்குப் பொறுக்கல.”

“எல்லாரும் சிரிச்சாங்களாமா.”

“சிரிக்கட்டும். இருக்கற ஆள இல்லீன்னு நான் எப்படிச் சொல்றது?”

அவ்வளவுதான் பேசினீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் தூக்குப்போசிச் சோற்றை இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அகப்பை சத்தத்துக்கு அதன்பிறகு நான் கூசியதில்லை.

அரசாங்க ஆணை வந்தபோது அஞ்சாவது ஆள் அதில் இல்லைதான். ஆனால் கிழங்கு உரிக்கிற பெண்களுக்கும் அதே நாலு பேர் குடும்பக் கணக்கில் ஒரு தொகை போட்டிருந்தார்கள். முதலாளி இழுத்தடித்தார். நீங்கள் எல்லோரும் மில் வாசலில் உட்கார்ந்தபிறகுதான் கொடுத்தார். புதுக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு உங்களிடம் காட்ட ஓடி வந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“இப்பச் சட்டப்படி உனக்கும் ஒரு ஊட்டுக்காரனும் ரெண்டு கொழந்தைகளும் இருக்குது சாமி. நாலு பேரக் காப்பாத்தற ஆளு நீ!”

எண்பதுகள் முழுக்க அந்த இல்லாத குடும்பத்தை வைத்துத்தான் நமக்குள் கேலி ஓடியது. நான் புதுச் சேலை எடுத்தால், “ஊட்டுக்காரன் எடுத்துக் குடுத்தானா?” என்பீர்கள். சம்பள நாளில் முறுக்கு வாங்கிவந்து உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், “உம்பட கொழந்தைகளுக்கு எடுத்து வெச்சயா?” என்பீர்கள். வேறு யார் அப்படிக் கேட்டிருந்தாலும் நொந்துபோயிருப்பேன். நீங்கள் கேட்டதால் சிரிக்க முடிந்தது.

இப்போது கேலி பேச யாருமில்லை. நீங்கள் கண்ணை மூடியபின் அண்ணி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. தனியாக இருப்பது போகப்போகப் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பழகவில்லை அண்ணா. சாயங்காலம் விளக்குப் போட்டதும் வீடு பெரிதாகிவிடுகிறது. அன்று புரண்டு படுக்க இடமில்லாத அதே அறைதான்.

“ஒருத்திதான் கண்ணு” என்றேன் அந்தப் பெண்ணிடம். எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு மருமகள் வாசலில் நின்றபடியே, “நாலு பேருங்க” என்றாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவள் புருசனின் சித்தி இருக்கிறாள். பிள்ளையில்லாதவள். அவள் இருமுவது என் சுவரைத் தாண்டிக் கேட்கும். காய்ச்சலில் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

“பொறகால கொட்டாயில இன்னொரு ஆள் இருக்குது கண்ணு. அதுவும் சாப்புடுது.”

மருமகள் என்னை முறைத்தாள். கொட்டகையில் இருமல் நின்று, “ஆரு, என்னையவா கேக்கறாங்க?” என்று ஒரு குரல் வந்தது.

அந்தப் பெண் நாலை அடித்துவிட்டு அஞ்சு என்று எழுதினாள், அண்ணா.