குட்டிப்பயலுக்குத் தேடிய பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

செம்மொழி எழுதுவது. நாங்கள் இங்கே நல்லபடியாக இருக்கிறோம் என்று முதலில் எழுதச் சொல்லி அம்மா சொன்னது, எழுதிவிட்டேன். நீயும் அண்ணியும் குட்டிப்பயலும் மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ போனில் கூப்பிட்டால் எனக்குச் சரி, சரி என்பதற்கு மேல் வாய் வருவதில்லை, அது உனக்கே தெரியும். அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பத்தாவதோடு நின்ற கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், அண்ணிக்கு நீயே படித்துக் காட்டு.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய வருகிறது, சம்பா நடவு முடிந்துவிட்டது. அப்பா இல்லாமல் நடவு எப்படி என்று நினைத்தேன், நடந்துதான் போனது, ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெயா அக்காவின் வீட்டுக்காரர் மனோகரன் மாமாதான் நம் வயலுக்கும் சேர்த்து மடை பார்க்கிறார். அம்மா சமைக்கிறது, சாப்பிடுகிறது, களை பறிக்கக் கூப்பிட்டால் போகிறது. அழுவதில்லை. காரியம் முடிந்ததிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, கால் மரத்துப்போனால் தரை தெரியாதே, அது மாதிரி. நீ கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. வாரிசுச் சான்றிதழுக்காக நானும் அம்மாவும் ஆபீசுக்குப் போய் வந்தோம். இறந்தவர் பெயர் என்ன என்று அங்கே இருந்த கிளார்க் கேட்டதும், நீ சொல்லு என்று அம்மா என் முழங்கையை இடித்தது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் இடிப்பது போலவேதான். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை, அவர் மறுபடி மறுபடி கேட்டார், பின்னால் நின்ற ஆள் ஒருவர் ஆத்தாளும் மவளும் வாயை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாங்க போல என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பெயர் விஷயம். அப்பா பெயரையே வைக்க உனக்கு ஆசை என்றும், அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லாது, அப்புறம் பேரனை எப்படிக் கூப்பிடும் என்றும், அதனால் அதே அர்த்தத்தில் நெட்டில் வேறு பெயர் பார்த்து அம்மாவிடம் கேட்டுச் சொல் என்றும் நீ சொன்னாய் இல்லையா. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அம்மா சொல்வதுதான் முடிவு என்றும் சொன்னாய். நீ அனுப்பிய எல்லா லிங்கிலும் பார்த்தேன். தமிழ், ஆண் குழந்தை என்று அழுத்தினால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, விரல்தான் வலிக்கிறது. ஒரே பெயருக்கு ஒன்றில் சிங்கம் என்றும் இன்னொன்றில் பூ என்றும் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே ராசியான நிறம், ராசியான எண். உன் பெயரைப் போட்டேன், பகலவன் என்றால் சூரியன் என்று எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறது. செம்மொழி ஆண்பிள்ளைப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா இருந்தால் இதைச் சொல்லியே என்னை ஒரு வாரம் ஓட்டியிருக்கும்.

நல்லதாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, நேற்று அம்மா கீரை ஆயும்போது உட்கார்ந்து வாசித்தேன். தீரன், மறவன், வயவன், அடலரசு. எல்லாவற்றுக்கும் வீரன் என்றுதான் அர்த்தம் போட்டிருக்கிறது. அம்மா ஒவ்வொன்றுக்கும் ம் என்றது. தீரனுக்கும் அதே ம், அடலரசுக்கும் அதே ம். உறை மோர் வாங்க வந்த ஜெயா அக்கா நின்று கேட்டுவிட்டு, எதுக்குடி இவ்வளவு தேடல், வீரையன்னே வைக்கச் சொல்லு, அம்சம் அக்கா ஏங்க, ஏங்கன்னு பேரன் பின்னாடியே சோத்துக் கிண்ணத்தோட ஓடட்டும் என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தது. அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அக்கா போன பிறகு, அவங்க பேருக்கு அதுல என்ன போட்டிருக்கு என்று அம்மா கேட்டது. அத்தனை நாளில் அம்மாவாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் அண்ணே. நான் அதைத் தேடிப் பார்க்கவே இல்லை. எனக்குத் தமிழில் தட்டத் தெரியாது, மைக்கை அழுத்திச் சொல்லித்தான் தேடுவேன், அது அம்மாவுக்குத் தெரியும். மைக்கை அழுத்தினேன், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, தண்ணீர்த் தம்ளரைப் பிடிப்பது போல வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டது. என்னமோ சொன்னது, எனக்கே கேட்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும் என்று போனில் வந்தது. படித்துச் சொன்னேன். போனைக் கொடுத்துவிடும் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை, இன்னொரு தரம் அழுத்து என்றது. அழுத்தினேன். வீரையன் என்று சொன்னது, சத்தமாக. பக்கத்துக் கொல்லையில் ஜெயா அக்கா அடித்துக்கொண்டிருந்த பம்பு நின்றுவிட்டது.

எழுத்து சரியாக விழுந்தது, ஆனால் அந்தப் பெயர் அதில் இல்லை. வேறு லிங்கிலும் பார்த்தேன், இல்லை. இல்லையா என்று அம்மா கேட்டது. இல்லம்மா என்றேன். இல்லாட்டிப் போவுது, அண்ணனுக்கு எழுதிப் போடு, அதையே வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டது. எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அண்ணிக்குப் பழைய பெயராகத் தோன்றினால் வருத்தப்பட வேண்டாமாம். வீட்டில் கூப்பிடுவதற்குத் தீரன் அவங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே கூப்பிடட்டும், பாஸ்போர்ட்டில் மட்டும் இது இருக்கட்டும் என்று அம்மா சொல்கிறது. பிள்ளைக்குத் தலை நிற்கிற வரை கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கணும், ஏசியை நேராக மேலே அடிக்க விடாதே, அண்ணி பூண்டு நிறையச் சேர்த்துக்கட்டும். பிள்ளை அப்பாவை மாதிரி யாருக்கும் பயப்படாமல் வளர்ந்து, உங்கள் மூன்று பேருக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கணும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னது.

மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பையனைக் காட்டு. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். முதல் தரம் மெதுவாகத்தான் வரும், உன் போனில் சத்தத்தைக் கூட்டி வை.

இப்படிக்கு,
அம்மா அம்சம் சொல்ல எழுதிய
தங்கை செம்மொழி